தோள் இறுக்கம், சொடக்கு, கால் நரம்பு வலி: வாசகர் கேள்விகளுக்கு ஒரு பிசியோதெரபிஸ்டின் பதில்கள்

கேள்வி: எனக்கு 54 வயது, சர்க்கரை நோய் உண்டு. ஐந்து மாதமாக இடது தோள்பட்டை இறுகிக் கிடக்கிறது. தலை வாரக் கை எழும்பவில்லை, இரவில் அந்தப் பக்கம் படுக்கவும் முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் லேசாக ஆட்டி ஆட்டி விடுகிறார், அவ்வளவுதான். பலமாக முறுக்கினால்தானே மேடம் இறுக்கம் விடும்?

பதில்: வேண்டாம் அம்மா. அவர் சரியாகத்தான் செய்கிறார்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் 'ஃப்ரோசன் ஷோல்டர்' போலத் தெரிகிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வரும். தோள்மூட்டைச் சுற்றியுள்ள உறை புண்பட்டு, தடித்து, சுருங்கிவிடுகிறது. கையைத் தூக்கும்போது மேல்கை எலும்பின் உருண்டைத் தலை, உருளுவதோடு கொஞ்சம் கீழே வழுக்கவும் வேண்டும். உறை சுருங்கினால் அந்த வழுக்கல் போய்விடும். சில மில்லிமீட்டர்தான். ஆனால் அதை மட்டும் தனியாக உங்கள் தசையால் செய்துகொள்ள முடியாது, இன்னொருவர் கை வைத்துத்தான் கொடுக்க வேண்டும். அவர் ஆட்டி ஆட்டிக் கொடுப்பது அதைத்தான்.

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பிசியோதெரபிஸ்ட் ஜெஃப்ரி மைட்லண்ட் இந்த ஆட்டலைப் படிகளாகப் பிரித்து வைத்தார். முதல் படி, அசைவின் தொடக்கத்திலேயே மிகச் சின்ன ஆட்டம். இரண்டாவது பெரிய ஆட்டம், ஆனாலும் இறுக்கத்தைத் தொடாது. மூன்றும் நான்கும் இறுக்கத்துக்குள் நுழைபவை. தூக்கத்தைக் கெடுக்கும் அளவு வலி இருக்கும்போது முதல் இரண்டோடு நிற்க வேண்டும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சிய பிறகுதான் மற்றவை. நீங்கள் இன்னும் வலிக் கட்டத்தில் இருக்கிறீர்கள்.

இதை நான் கஷ்டப்பட்டுத்தான் கற்றேன். தொழிலுக்கு வந்த இரண்டாம் ஆண்டில், ஒருவர் 'நல்லா அழுத்துங்க' என்று கேட்டதால், இறுகிய தோளை எல்லை வரை தள்ளிவிட்டேன். இரண்டு இரவு அவர் உட்கார்ந்தே விடியவைத்திருக்கிறார். மூன்றாம் நாள் வந்தபோது முன்பிருந்த அசைவும் இல்லை. அன்றிலிருந்து யார் வந்தாலும் என் முதல் கேள்வி, 'ராத்திரி தூங்கினீர்களா?' என்பதுதான். சிகிச்சைக்குப் பின் வரும் வலி மறுநாளுக்குள் அடங்க வேண்டும். அடங்கவில்லை என்றால் அன்று கொடுத்தது அதிகம். உங்கள் பிசியோதெரபிஸ்டிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், சிகிச்சை மேசையிலிருந்து இறங்கியதும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். அன்றைக்குக் கிடைத்த தளர்ச்சியை அன்றைக்கே பயன்படுத்த வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, இரண்டு கையாலும் ஒரு கம்பைப் பிடித்து, நல்ல கையால் இடது கையை மெல்ல வெளிப்பக்கம் தள்ளுங்கள். பத்து முறை, நாளுக்கு மூன்று வேளை. இந்த நோய் முழுதாக விட ஒன்று முதல் மூன்று ஆண்டுகூட ஆகலாம். சர்க்கரையையும் கட்டுக்குள் வையுங்கள்.

கேள்வி: முதுகில் கை வைத்து அழுத்தும்போது 'டக்' என்று சத்தம் வந்தால், விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. மூட்டின் இரு பரப்புகளும் சட்டென்று பிரியும்போது உள்ளே இருக்கும் திரவத்தில் வாயுக்குழி உண்டாகிறது. சத்தம் அதனால் வருவது. சத்தமே இல்லாமலும் வலி குறையும். கழுத்தை மட்டும் பயிற்சி இல்லாதவர் கையில் கொடுக்காதீர்கள். சட்டென்று திருப்புவதால் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் கிழிவது அரிது, ஆனால் நடந்திருக்கிறது.

கேள்வி: இடுப்பிலிருந்து பாதம் வரை சுரீர் என்று இழுக்கிறது. டிஸ்க் நரம்பை அழுத்துவதாக ஸ்கேனில் வந்தது. காலை நீட்டி, நரம்பை நன்றாக இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தசையை இழுப்பது போல நரம்பை இழுக்கக் கூடாது. முயல்களின் நரம்பில் செய்த சோதனையில், நீளம் 8 சதவீதம் கூடியதுமே அதிலிருந்து ரத்தம் வெளியேறுவது தடைபட்டது. 15 சதவீதத்தில் ரத்த ஓட்டமே நின்றது. ஏற்கெனவே புண்பட்ட நரம்பைப் போட்டு இழுத்தால் அது இன்னும் கத்தும்.

நரம்பை வழுக்கவிடலாம். நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். வலிக்கும் காலை நீட்டும்போது முகத்தை மேலே தூக்குங்கள். காலை மடக்கும்போது தலையைக் குனியுங்கள். கீழே இழுபடும் நேரத்தில் மேலே தளர்வு கிடைப்பதால், நரம்பு நீளாமல் தன் பாதையில் நகர்கிறது. சுரீர் தொடங்குவதற்கு முன்பே நிறுத்தி, பத்து முறை செய்யுங்கள். வலி பாதத்தை விட்டு மேலேறி இடுப்பருகே சுருங்கினால் நல்ல அறிகுறி. கீழே கீழே பரவினால் நிறுத்திவிட்டு உங்கள் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள். இரு தொடைகளுக்கும் நடுவே, ஆசனவாயைச் சுற்றி மரத்துப் போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, கட்டுப்பாடின்றிப் போனாலோ, பாதம் தூக்க முடியாமல் தொங்கினாலோ பயிற்சியும் வேண்டாம், மறுநாள் வரை காத்திருக்கவும் வேண்டாம். நள்ளிரவானாலும் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.