கறுப்புப் பொன்னுக்கு ஒரு நனைந்த கம்பு

கேள்வி: ஆரல்வாய்மொழியில் வசிக்கிறேன். கூரியரில் வரவழைத்த ஃபிலோடென்ட்ரான் மெலனோகிரைசம் கொடியை முன்னறை ஜன்னலோரம் வைத்து, பிளாஸ்டிக் குழாயில் தேங்காய்த் தும்புக் கயிறு சுற்றிய கம்பில் ஏற்றினேன். எட்டு மாதமாகியும் இலைகள் உள்ளங்கை அளவைத் தாண்டவில்லை. ஆனி மாதம் முதல் புது இலைகள் உறைக்குள்ளேயே சிக்கி, விரியும்போது கிழிகின்றன. தினமும் மூன்று முறை இலைமேல் கிணற்றுத் தண்ணீர் தெளிக்கிறேன். உரம் போதவில்லையா?

பதில்: உரத்தின் மேல் பழி போடாதீர்கள். உங்கள் ஊர்க் காற்றும் அந்தக் கம்பும்தான் காரணம்.

முதலில் காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே நெருக்கியடித்து வந்து முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற காற்றுதான் உங்கள் ஜன்னல் வழியாகவும் நுழைகிறது. இந்தக் கொடியோ கொலம்பியாவில் ஆண்டிஸ் மலையடிவாரத்து மழைக்காட்டு நிழலில் வளர்வது. 60 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் இருந்தால்தான் நிம்மதியாக இருக்கும். மழையும் ஈரமும் மிகுந்த குலசேகரத்திலோ பேச்சிப்பாறையிலோ வளர்த்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது என்பது என் ஊகம். புது இலை ஒரு மெல்லிய உறைக்குள் சுருண்டு வரும். காற்று பட்டு உறை காய்ந்தால் இலையோடு ஒட்டிக்கொள்ளும். உள்ளே இலை வளர வளரக் கிழியும். காற்று வரும் பக்கத்து ஜன்னலை மூடிவிட்டு, வெளிச்சமுள்ள மறுபக்கத்துக்குச் செடியை மாற்றுங்கள். கிழக்கு ஜன்னலில் காலை இளவெயில் சிறிது நேரம் படலாம், உச்சிவெயில் கூடாது. உறை சிக்கியிருந்தால் விரலால் பிரிக்காமல், காலையில் அதன்மேல் மட்டும் ஈரப்பஞ்சை ஒற்றி எடுத்தால் போதும்.

இலைமேல் தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். அந்தக் காற்றில் சில நிமிடங்களில் காய்ந்துவிடும் ஈரத்தால் பயனில்லை. உப்புள்ள தண்ணீராக இருந்தால் வெல்வெட் இலையில் வெள்ளைப் புள்ளிதான் மிஞ்சும். இலையைப் பளபளப்பாக்கும் எண்ணெய் எதையும் தேய்க்கவும் வேண்டாம்.

அடுத்து கம்பு. நம் குமரி மாவட்டத்தில் முருக்கு மரத்தில் நல்லமிளகுக் கொடி ஏறுவதைப் பார்க்காதவர் உண்டா? தரையில் ஓடும் தண்டு காய்க்காது. மரத்தைப் பற்றி ஏறினால்தான் கிளைவிட்டுச் சரம் பிடிக்கும். மெலனோகிரைசம் வேறு குடும்பம், சேம்பும் சேனையும் அதன் உறவினர்கள். ஆனால் இந்த விஷயத்தில் மிளகின் குணம்தான். வேர் ஈரமான ஒன்றைப் பற்றிக்கொண்டு ஏறினால் இலை இரண்டு அடியைக்கூடத் தாண்டும். நீங்கள் வைத்திருப்பது உலர்ந்த கம்பு. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். கணுவில் புறப்பட்ட வேர்கள் அரை அங்குலம் நீண்டு, கருகிய தீக்குச்சி முனைபோல நின்றுவிட்டன. கொடி கம்போடு கட்டப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் வலையை மூன்று அங்குலக் குழலாகச் சுருட்டி, உள்ளே ஈரத்தைப் பிடித்துவைக்கும் ஸ்ஃபாக்னம் பாசியைத் திணியுங்கள். கிடைக்காவிட்டால், கழுவிப் பிழிந்த தும்போடு நார்க்கழிவைக் கலந்து நிரப்பலாம். தும்பை நல்ல தண்ணீரில் பலமுறை அலச வேண்டும். கடலோரத்தில் ஊறிய கதம்பையில் (தேங்காய் மட்டையில்) உப்பு இருக்கும். தண்டில் வேர் புறப்படும் பக்கம் குழலைத் தொடும்படி வைத்து, கணுவுக்கு அருகில் வாழைநாரால் தளர்வாகக் கட்டுங்கள். இலைக்காம்பைக் கட்டக்கூடாது. மூடியில் ஊசித்துளையிட்ட சிறு பாட்டிலைக் கம்பின் உச்சியில் கவிழ்த்தால், சொட்டுச் சொட்டாக ஈரம் இறங்கும். அந்தத் தண்ணீர் தொட்டிக்குத்தான் வந்து சேரும் என்பதால், தொட்டிக்குத் தனியாக ஊற்றுவதைக் குறைத்துவிடுங்கள். இதை மறந்து வேர் அழுகவிட்டவர்கள் பலர். விரலை இரண்டாவது கணுவரை விட்டுப் பார்த்து, ஈரம் தட்டாதபோது ஊற்றினால் போதும்.

தொட்டிக் கலவை வெறும் செம்மண்ணாக இருந்தால் மாற்றுங்கள். அலசிய கதம்பைத் துண்டு இரண்டு பங்கு, அடுப்புக்கரித் துண்டு ஒரு பங்கு, உடைத்த செங்கல் ஒரு பங்கு, கைப்பிடி மண்புழு உரம். மாற்றும்போது கையுறை அணியுங்கள். சேனை நறுக்கும்போது கையை அரிக்கச் செய்யும் அதே கால்சியம் ஆக்சலேட் ஊசிகள் இதன் சாற்றிலும் உண்டு. குழந்தையோ பூனையோ கடிக்கும் உயரத்தில் வைக்காதீர்கள்.

ஒரு சந்தேகமும் உண்டு. இளம் பருவத்தில் மைக்கான்ஸ் என்ற கொடியும் இதைப் போலவே இருக்கும், இரண்டையும் மாற்றி விற்பதும் நடக்கிறது. உங்களுடையதில் புது இலை செம்பு நிறத்தில் வந்து, முதிரும்போது கருமையேறி, வெளிறிய நரம்புகள் எடுப்பாகத் தெரிந்தால் பயமில்லை. மெலனோகிரைசம் என்ற கிரேக்கப் பெயருக்குக் கறுப்புப் பொன் என்று பொருள். 1873ஆம் ஆண்டிலேயே சூட்டப்பட்டது. மைக்கான்ஸாக இருந்தால் எந்தக் கம்பு வைத்தாலும் இரண்டு அடி இலையை எதிர்பார்க்க முடியாது.

கிழிந்த இலைகள் இனி ஒட்டாது. பார்க்க அழகில்லை என்று வெட்டவும் வேண்டாம். புது இலைகள் வரும்வரை செடிக்கு உணவு தயாரிப்பவை அவைதான்.