குரக்கன் மாவுக்கு மூன்று தாள்

கேள்வி: கிளிநொச்சியில் எங்கள் மாதர் சங்கம் குரக்கன் மா, ஒடியல் மா, முருங்கையிலைத் தூள் பொதி செய்து விற்கிறது. ஊட்டச்சத்து விபரங்களை எக்செல்லில் சேர்த்து வருகிறேன். சத்துக்கு ஒரு நிரல் (மேலிருந்து கீழான வரிசை) என்று போட்டு ஐம்பதைத் தாண்டிவிட்டது. கூட்டினால் பிழை காட்டுகிறது. எப்படி ஒழுங்குபடுத்தலாம்?

பதில்: உங்கள் தாளில் சோடியத்துக்கு நேரே "15 மி.கி (½ கப்)" என்று இருக்கிறது. பிழை அங்கேதான். எக்செல்லுக்கு அது எண் இல்லை, வெறும் எழுத்து. கட்டத்துக்குள் 15 மட்டும் இருக்கட்டும்.

தாளை மூன்றாகப் பிரியுங்கள். ஒன்றில் உணவுகள்: குறியீடு, பெயர், நிலை (வேகாததா, வெந்ததா). அடுத்ததில் சத்துகளும் அவற்றின் குறியீடும் அலகும். மூன்றாவதில்தான் எண்கள்: எந்த உணவு, எந்தச் சத்து, உண்ணக்கூடிய பகுதி 100 கிராமில் எவ்வளவு, எங்கிருந்து எடுத்தது. அப்புறம் புதுச் சத்து வந்தாலும் நிரல் அதிகரிக்காது, நிரைதான் (குறுக்கு வரிசை) அதிகரிக்கும்.

'நிலை' என்பதைத் தயவுசெய்து விடவேண்டாம். வேகாத அரிசி 100 கிராமில் ஏறக்குறைய 350 கிலோகலோரி. சோறாகித் தண்ணீர் சேர்ந்தபின் அதே 100 கிராமில் 130 அளவுதான். ஆகவே குரக்கன் மா வேறு, குரக்கன் புட்டு வேறு. பனங்கிழங்கில் செய்யும் ஒடியலும் புழுக்கொடியலும் அப்படித்தான்: ஒன்று அவிக்காமல் காய்வது, மற்றது அவித்துக் காய்வது.

பலரும் தடுக்கி விழும் இடம் காபோவைதரேற்று (மாச்சத்து). அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தரவில் நார்ப்பொருளும் அதற்குள் அடங்கும். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் நார் தனியே. இரண்டையும் ஒரே சத்தாகக் கலந்தால் என்ன ஆகும்? கணக்குக்கு ஒரு மாவில் புரதம் 7, கொழுப்பு 2, நார் நீங்கிய காபோவைதரேற்று 67, நார் 11 கிராம் என்று வையுங்கள். புரதத்துக்கும் காபோவைதரேற்றுக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9, நாருக்கு 2 என்று பெருக்கினால் 336 கிலோகலோரி. நாரையும் காபோவைதரேற்றாக எண்ணி 4ஆல் பெருக்கினால் 358. 22 கிலோகலோரி சும்மா ஏறிவிடுகிறது. எங்கள் பக்கத்தில் சீனி வருத்தக்காரர்தான் குரக்கனைத் தேடி வாங்குகிறார்கள், காபோவைதரேற்று எண்ணை நம்பித்தான் சாப்பாட்டை அளக்கிறார்கள். அதனால் 'மொத்தக் காபோவைதரேற்று', 'நார் நீங்கிய காபோவைதரேற்று' என்று இரண்டு குறியீடு கட்டாயம் வையுங்கள்.

வெறுங்கட்டத்தில் 0 போடாதீர்கள். 0 என்றால் அளந்து பார்த்தோம், இல்லை என்று பொருள். அளக்காததை வெறுமையாக விடுங்கள். மிகச் சிறிதளவு இருந்தால் அதைக் குறிக்கத் தனி நிரல் ஒன்று போதும்.

உப்பைக் கையால் எழுதவேண்டாம், சோடியத்தை 2.5ஆல் பெருக்கினால் வந்துவிடும். சக்தியையும் (கிலோகலோரி) மேலே பெருக்கியதுபோல் சூத்திரத்தால் கணக்கிட்டு, ஆய்வுகூட அறிக்கை இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். அதிகம் விலகினால் எங்கோ ஒரு எண் இடம் மாறியிருக்கிறது.

சரி, அந்த அரைக் கப்பை என்ன செய்வது? அதற்கு நான்காவதாக ஒரு சின்னத் தாள்: உணவு, அளவை, கிராம். சங்கத்தில் இருக்கும் கோப்பையிலேயே ஒடியல் மாவைத் தட்டாமல் நிரப்பி, தராசில் மூன்று தரம் நிறுத்து, சராசரியைப் போடுங்கள். முருங்கையிலைத் தூளைத் தனியே நிறுக்கவேண்டும். அதே கோப்பை என்றாலும் நிறை வேறு.