அந்த அம்மாவுக்காக நான் மனுக் கொடுக்கலாமா?

கேள்வி: ஒரு தனியார் முதியோர் இல்லத்தில் ஆறு ஆண்டுகளாக உதவியாளராக இருக்கிறேன். இரவில் இருபத்திரண்டு பேரை இருவர் பார்த்துக்கொள்கிறோம். அங்கே 78 வயது அம்மா ஒருவர், கடைசிவரை பராமரிக்க வேண்டும் என்று எழுதி, வீட்டை மகனுக்குத் தான செட்டில்மென்ட் செய்து கொடுத்தவர். மகன் ஐந்து மாதமாகக் கட்டணம் கட்டவில்லை, வந்து பார்க்கவுமில்லை. படுக்கையிலேயே இருக்கும் அவருக்காக நான் மனுக் கொடுக்கலாமா? சிலரைக் கட்டிலோடு கட்டிவைக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கொடுக்கலாம், சகோதரி. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007இன் 5ஆவது பிரிவு, தாமே விண்ணப்பிக்க இயலாத முதியவர் அதிகாரமளிக்கும் எவரும் அவர் சார்பில் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்கிறது. ஆகவே அந்த அம்மா சுயநினைவோடு இருக்கும் வேளையில், உங்களை நியமிப்பதாக ஒரு கடிதத்தில் கையொப்பமோ கைநாட்டோ பெற்று, வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுவோடு சேர்த்துக் கொடுங்கள். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடச் சட்டத்தில் இடமுண்டு.

வீட்டைப் பொறுத்தவரை 23ஆவது பிரிவே முக்கியம். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தைப் பெற்றவர் அதை மீறினால், அந்தப் பத்திரம் செல்லாது என்று தீர்ப்பாயம் அறிவிக்கலாம். நிபந்தனை இருந்ததைக் காட்டியாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியிருப்பதால், பத்திர நகல் உங்கள் மனுவுக்கு உயிர்நாடி. சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு வாங்குங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்பதால், மனு எழுதுவதற்கே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நாடலாம்.

கட்டிவைப்பது பற்றி நீங்கள் கேட்டது என்னை மிகவும் கலங்கவைத்தது. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாக அடைத்தோ கட்டியோ வைப்பது பாரதிய நியாய சன்ஹிதாவின் 127ஆவது பிரிவின்படி குற்றமாகலாம். மேலாளர் சொன்னார் என்பது கட்டியவரைக் காப்பாற்றாது. ஆனால் உங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரும்பாலும் சிறுநீர் கழிக்கத் தனியே எழுந்து விழுபவர்களையே இப்படிக் கட்டுகிறார்கள். படுக்கும் முன்னும் நள்ளிரவிலும் கழிவறைக்கு அழைத்துச் செல்வதும், கட்டிலைத் தாழ்த்துவதும், சிறு விளக்கு எரியவிடுவதும் விழுவதைக் குறைக்கும். இவற்றைச் செய்ய ஆள் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் புண் வரக்கூடியவர்களும் உங்கள் பொறுப்பில் இருப்பார்கள் என்னும்போது, இருபத்திரண்டு பேருக்கு இருவர் என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நேரத்தில் இழைக்கப்படும் அநீதி. எனவே மறுப்பை வாய்ச்சொல்லாக விடாமல், ஆள் போதவில்லை என்று தேதியிட்டு எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். உடன் பணிபுரிபவரும் கையொப்பமிட்டால் உங்களைத் தனிமைப்படுத்துவது கடினம். முதியோர் உதவி எண் 14567இலும் முறையிடலாம்.

மனுவுக்கு முன், அந்த அம்மாவைத் தனியே கேளுங்கள். மகன்மேல் வழக்கா என்று அவர் அழக்கூடும். வேண்டாம் என்றும் சொல்லக்கூடும். அப்படியானால் கடிதத்தை எழுதாமல் விட்டு, சில நாள் கழித்து மறுபடி கேளுங்கள்.