அன்பாகத் தொடுவதால் உடம்புக்கு உண்மையிலேயே நன்மை உண்டா?

உண்டு. கையைப் பிடிப்பது, முதுகைத் தடவுவது, அணைத்துக்கொள்வது எல்லாமே 'நான் இருக்கேன்' என்று பேசாமல் சொல்வதுதான். அதைத்தான் அன்புத் தொடுகை என்கிறோம்.

காரணம் தோலுக்குள் இருக்கிறது. முன்கை, முதுகு போன்ற முடியுள்ள தோலில் மென்மையான வருடலுக்கென்றே மெல்லிய நரம்பிழைகள் உண்டு. உடல் சூடுள்ள கை நொடிக்கு 1 முதல் 10 செ.மீ. வேகத்தில் வருடும்போது அவை நன்றாக வேலை செய்யும். பரபரவென்று தேய்த்தால் அவ்வளவாகச் செய்யாது. குழந்தையைத் தூங்கவைக்கும் கை, யாரும் சொல்லித்தராமலே இந்த வேகத்துக்கு வந்துவிடும்!

இன்னொன்று, மூளையின் கணக்கு. 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், லேசான மின்அதிர்ச்சி வரப்போகிறது என்று காத்திருந்த 16 மனைவிமாரின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்தபோது ஆபத்துக்குத் தயாராகும் பகுதிகளின் பரபரப்பு குறைந்தது. அந்நியர் பிடித்தபோது அந்த அளவு குறையவில்லை. இல்லறம் இணக்கமாக இருந்தவர்களுக்குப் பலன் கூடுதல். கனமான அண்டாவின் இன்னொரு காதை ஒருவர் பிடித்தால் நம் கை லேசாவதுபோலத்தான் இது.

இதை வைத்து 'தினமும் கட்டிப்பிடித்தால் பிரஷர் மாத்திரை வேண்டாம்' என்பது தவறு. விருப்பமில்லாதவரைத் தொட்டால் பதற்றம்தான் ஏறும்.