சக்கர நாற்காலியோடு சென்னையில் தனியாக வேலைக்குப் போய்வர முடியுமா? சட்டம் எவ்வளவு தூரம் துணை வரும்?

தம்பிக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை, சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, வீட்டில் எல்லோரும் பயப்படுகிறார்கள், அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்புங்கள். 2011-இல் ஒரு விபத்தில் தண்டுவடம் அடிபட்டதிலிருந்து நான் சக்கர நாற்காலியில் இருக்கிறேன். ஒன்பது வருடமாக இதே ஊரில் வேலைக்குப் போய்வருகிறேன். தம்பி வரும்போது பையில் ஒரு இஞ்ச் டேப் இருக்கட்டும். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் வீடு. வாடகைக்குப் பார்க்கும்போது எல்லோரும் லிஃப்ட் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். நீங்கள் நேராகக் குளியலறைக் கதவுக்குப் போங்கள். நம் ஊர் ஃபிளாட்டுகளில் வாசல் கதவு மூன்றரை அடி, படுக்கையறைக் கதவு மூன்றடி இருக்கும். குளியலறைக்கு மட்டும் இரண்டரை அடியோடு நிறுத்திவிடுவார்கள். அதிலும் இரண்டு பக்க நிலைச்சட்டம் போனால் கையில் நிற்பது 25 அங்குலம். சாதாரண மடக்கு நாற்காலி, கையால் தள்ளும் வளையத்தோடு சேர்த்து, அதே 25 அல்லது 26 அங்குலம். என் முதல் வாடகை வீட்டில் ஒவ்வொரு காலையும் விரல் மூட்டு நிலையில் உரசித் தோல் போகும். கடைசியில் வீட்டுக்கார அம்மாவிடம் பேசி, கதவைக் கழற்றித் திரை போட்டுக்கொண்டோம். உள்ளே இருந்த இரண்டு அங்குல மேட்டுக்குச் சிமென்ட் சரிவு. மொத்தச் செலவும் ஒரு கொத்தனாரின் அரை நாள் கூலி. வீடு பார்க்க யாரை அனுப்பினாலும் இந்த அளவைச் சொல்லி அனுப்புங்கள்.

இனி சட்டம். 1995-இல் வந்த பழைய சட்டத்திலும் சரிவுப்பாதை, கழிப்பறை எல்லாம் இருந்தன. ஆனால் அரசின் ‘பொருளாதார வசதிக்கு உட்பட்டு’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்திருந்தார்கள். நிதி இல்லை என்று ஒரு வரி எழுதினால் அதோடு முடிந்தது. 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016 கட்டிடங்களுக்கு அந்தச் சாக்கை வைக்கவில்லை. அதில் ‘பொதுக் கட்டிடம்’ என்பதற்கு எழுதியிருக்கும் விளக்கத்தைத் தம்பியைப் படிக்கச் சொல்லுங்கள். அரசுக் கட்டிடமோ தனியார் கட்டிடமோ, பொதுமக்கள் வந்துபோகும் இடமாக இருந்தால் போதும். பள்ளி, வேலையிடம், கடை, வழிபாட்டுத் தலம், மருத்துவமனை, காவல் நிலையம், நீதிமன்றம், ரயில் நிலையம், பேருந்து நிலையம் எல்லாம் அதற்குள் வந்துவிடும். ‘இது பிரைவேட் பில்டிங்’ என்று யாராவது சொன்னால் அந்த விளக்கத்தைக் காட்டலாம். பிரிவு 44-இன்படி, அணுகல் விதிகளைக் கடைப்பிடிக்காத புதுக் கட்டிடத்துக்கு வரைபட அனுமதியோ கட்டி முடித்ததற்கான சான்றோ தரக் கூடாது. பிரிவு 45 பழைய பொதுக் கட்டிடங்களுக்கு ஐந்து வருடக் கெடு வைத்தது. விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022-லேயே முடிந்துவிட்டது.

இதற்குள் ஒரு ஓட்டை இருந்தது. சட்டம் ‘கட்டாயம்’ என்றது. அதன் கீழ் போட்ட விதி 15 கட்டாயமில்லாத வெறும் வழிகாட்டுதல்களைச் சுட்டிவிட்டு நின்றது. பார்வைக் குறைபாடுள்ள ராஜீவ் ரத்தூரி 2005-இல் தொடுத்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று இதைத்தான் பிடித்தது. விதி 15(1) சட்டத்துக்கே முரண் என்று ரத்து செய்து, மீறவே முடியாத குறைந்தபட்ச விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது. பத்தொன்பது வருடம் ஒரு மனிதர் விடாமல் நின்றிருக்கிறார். அந்தத் தீர்ப்பைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இஞ்ச் டேப் விஷயத்துக்கு வருகிறேன். என் சம்பளக் கணக்கு இருந்த வங்கிக் கிளைக்கு மூன்று படி. ஓரமாக ஒரு ராம்ப். போர்டில் சக்கர நாற்காலிப் படம்கூட இருந்தது. ஏறப் பார்த்தேன், முன்சக்கரம் தூக்கிக்கொண்டு பின்பக்கம் சாய்ந்தது. காவலாளி ஓடிவந்து பிடித்தார். மேலாளர் நல்ல மனிதர்தான். “ஆள் இருக்காங்க மேடம், நீங்க ஒரு குரல் குடுத்தா போதும், தூக்கி விட்டுடுவாங்க” என்றார். என் எடையை நான்கு ஆண்கள் தூக்கும்போது துப்பட்டாவை எங்கே பிடித்துக்கொள்வது என்பது அவருக்குத் தோன்றியிருக்காது.

அடுத்த வாரம் டேப்போடு போனேன். மூன்று படியும் சேர்ந்து 18 அங்குலம், அதாவது ஒன்றரை அடி. ராம்ப்பின் நீளம் ஐந்தடி. ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது அளவு. அப்படியானால் பதினெட்டு அடி வந்திருக்க வேண்டும். கடிதத்தில் என் கஷ்டத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. படியின் உயரம், இருக்கும் நீளம், இருக்க வேண்டிய நீளம், பிரிவு எண், தேதியோடு நான்கு படங்கள். பதிவுத் தபாலில் கிளைக்கு ஒன்று. பதில் வராததால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையருக்கு ஒன்று. விசாரணைக்கு ஆளை வரவழைக்கவும் ஆவணம் கேட்கவும் உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் அவருக்கு உண்டு. மீறலுக்கு முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் வரை, அடுத்தடுத்த தடவை ஐம்பதாயிரம் முதல் ஐந்து லட்சம் வரை அபராதம் என்று பிரிவு 89 சொல்கிறது. ஏழு மாதம் கழித்துச் சுவரை ஒட்டி ஒரு திருப்பத்தோடு பதினெட்டு அடிச் சரிவு வந்தது, கைப்பிடியோடு. முதல் தடவை நானே ஏறி உள்ளே போனேன். ஒரு பாட்டி வாக்கர் ஊன்றிப் பின்னாலேயே வந்தார். இப்போதெல்லாம் சரிவு தொடங்கும் இடத்திலேயே பைக் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பயணத்துக்கு மெட்ரோதான் என் முதல் தேர்வு. ரயிலும் நடைமேடையும் ஒரே மட்டம், யார் கையையும் எதிர்பார்க்காமல் உருட்டிக்கொண்டே ஏறலாம். ஆனால் லிஃப்ட் எல்லா வாசலிலும் கிடையாது. லிஃப்ட் இருக்கும் வாசலில் இறங்கி, அலுவலகம் சாலைக்கு அந்தப் பக்கம் இருந்தால் அன்றைய நாளே போச்சு. நடைபாதையில் மின்பெட்டி, மரம், பைக் ஏறாமல் இருக்க நட்ட தடுப்புக் கம்பங்கள். கம்பங்களுக்கு நடுவே ஒரு இடைவெளியாவது மூன்றடிக்கு மேல் இல்லையென்றால் நாமும் ஏற முடியாது. பேருந்தில் 2024-க்குப் பிறகு நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது. உரிமை ஆர்வலர்கள் பல வருடம் உயர் நீதிமன்றத்தில் வழக்காடியதன் பலனாகத் தாழ்தளப் பேருந்துகள் வந்திருக்கின்றன. நின்றதும் ஒரு பக்கமாகத் தாழும், நடத்துநர் இறங்கிப் பலகையை விரிப்பார். ஓட்டுநர் நிறுத்தத்தை ஒட்டி நிறுத்தினால் அருமை. நடுச்சாலையில் நிறுத்தினால் பலகை செங்குத்தாகிவிடும், நான் அடுத்த வண்டிக்குக் காத்திருப்பேன். தம்பிக்குக் கைகளில் நல்ல பலம் இருந்தால், இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இப்போதே மனு கொடுக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டை (UDID) கையில் இருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் ஓர் இடம் சொல்கிறேன். மெரினாவில் விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மணலின் மேல் 263 மீட்டருக்கு மரப்பாதை இருக்கிறது. 2022 நவம்பரில் திறந்தார்கள். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் உடைத்தது, மறுபடி சரிசெய்தார்கள். விபத்துக்குப் பிறகு பதினோரு வருடம் நான் கடலைச் சாலையிலிருந்துதான் பார்த்தேன். அன்று பலகை மேல் சக்கரம் தடதடவென்று ஓட, முடிவு வரைக்கும் போனேன். வளையத்தில் உப்பீரம் ஏறிக் கை வழுக்கியது. இருட்டும்வரை அங்கேயே இருந்தேன்.

அலுவலகம் பற்றி: தனியார் நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்று பிரிவு 21 சொல்கிறது. சேரும் முன்பே மனிதவளப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி அதைக் கேளுங்கள். கூடவே வாசல் படி, கழிப்பறைக் கதவின் அகலம், மேசைக்கு அடியில் உள்ள உயரம் மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பதில் தரும் விதத்திலேயே இடம் எப்படிப்பட்டது என்று தெரிந்துவிடும்.

அலுவலகம் எந்தப் பகுதியில் என்று எழுதுங்கள். பக்கத்து மெட்ரோவில் லிஃப்ட் எந்த வாசலில், அங்கிருந்து நடைபாதை எப்படி என்று நேரில் போய்ப் பார்த்துச் சொல்கிறேன். தம்பியின் நாற்காலி எத்தனை அங்குல அகலம் என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.