மியூசியத்துல வேலை செய்றவங்களுக்கு எதுக்கு தனியா நெறிமுறை? லஞ்சம் வாங்காம, திருடாம இருந்தா போதாதா?

கேள்வி கேட்டவர் சொல்றது இதுதான்: பொதுப் பணத்துல நடக்கற மியூசியம், கலைக்கூடம் மாதிரி இடங்கள்ல ஸ்டாஃபுக்கும், அவங்களோட சேர்ந்து வேலை செய்ற ஸ்பான்சர், கான்ட்ராக்டர் இவங்களுக்கும் பக்கம் பக்கமா ரூல்ஸ் எழுதி வச்சிருக்காங்களே, இதெல்லாம் சும்மா பேப்பர் வேலைதானேன்னு.

சேர்ந்த புதுசுல நானும் அப்படித்தான் நெனச்சேன். ஒரு மியூசியத்துல பதிவேடு செக்‌ஷன்ல 11 வருஷம் இருந்தேன், உள்ள வர்ற ஒவ்வொரு பொருளுக்கும் நம்பர் போட்டு, அளவெடுத்து, போட்டோ எடுத்து, எங்கேந்து வந்துச்சு யார் குடுத்தாங்கன்னு எழுதி வைக்கற வேலை. போரடிக்கற வேலைதான், ஆனா ஊழல்னா என்னன்னு அங்கதான் புரிஞ்சுது. கவர்ல பணம் வச்சு நீட்டற ஊழல் அங்க நான் பாக்கவே இல்ல. நான் பாத்ததெல்லாம் வேற மாதிரி.

ஒருநாள் ஒரு பெரியவர் துணியில சுத்தி ஒரு வெண்கல விளக்கு கொண்டு வந்தாரு. பாட்டி காலத்துது, எத்தன வருஷம் இருக்கும் தம்பின்னு கேட்டாரு. நானும் பெரிய மேதாவி மாதிரி திருப்பித் திருப்பி பாத்துட்டு, ஒரு 200 வருஷம் இருக்கும் போல ஐயான்னு சொல்லி, வேற எதாவது வேணும்னா கூப்பிடுங்கன்னு என் விசிட்டிங் கார்டையும் குடுத்து அனுப்புனேன். மூணு மாசம் கழிச்சு யாரோ ஒருத்தர் ஃபோன் பண்றாரு, சார் நீங்க சர்டிஃபை பண்ண விளக்கு ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, உங்க கார்டு ஜெராக்ஸ் பின் பண்ணி குடுத்திருக்காங்க, நம்பி வாங்கலாமான்னு. எனக்கு கை கால் ஓடல. நான் காசு வாங்கல, பொய்யும் சொல்லல, ஆனா என் வாயிலேந்து வந்த ஒரு வார்த்தைக்கு மியூசியம் பேர் ஒட்டிக்கிச்சு, அந்தப் பேரை வச்சு ஒருத்தர் விலை ஏத்திட்டாரு. அப்புறம் நாங்க எந்த சர்டிஃபிகேட்டும் குடுக்கலைன்னு ஆபீஸ்லேந்து லெட்டர் போக வேண்டியதாச்சு, அதுல கையெழுத்து போடும்போது எங்க தலைமை காப்பாட்சியர் என்னப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

அப்புறம்தான் அந்த ரூல் புக்க ஒழுங்கா படிச்சேன். சர்வதேச அருங்காட்சியகக் கவுன்சில், ஐகாம்னு சொல்வாங்க, அவங்க 1986ல ஏத்துக்கிட்டு 2004ல சியோல்ல திருத்தின நெறிமுறையில விலை மதிப்பு சொல்றதப் பத்தி தெளிவாவே இருக்கு: வெளியாளோட பொருளுக்கு இது இவ்வளவு பெறும்னு ஸ்டாஃப் பாட்டுக்கு சொல்லக்கூடாது, இன்னொரு மியூசியமோ கோர்ட்டோ அரசாங்கமோ முறையா கேட்டா மட்டும்தான் சொல்லலாம். அதே மாதிரி மியூசியத்துல வேலை செய்றவங்க பழம்பொருள் வாங்கி விக்கற யாவாரத்துல நேரடியாவோ மறைமுகமாவோ இருக்கக்கூடாது. சொந்தமா எதாவது சேகரிக்கறீங்கன்னா, நாணயமோ ஸ்டாம்போ எதுவா இருந்தாலும், அதை மேலிடத்துக்கு சொல்லி ஒப்பந்தம் போட்டுக்கணும், ஏன்னா ஒரு நல்ல பொருள் வருதுன்னு வைங்க, மியூசியத்துக்கு வாங்குவீங்களா உங்க வீட்டு அலமாரிக்கு வாங்குவீங்களான்னு ஒரு கேள்வி வந்துடும். கலெக்‌ஷன்லேந்து ஒரு பொருளை கழிச்சு வித்தா அதை ஸ்டாஃபோ நிர்வாகக் குழுவோ அவங்க குடும்பத்துல யாராவதோ வாங்கக்கூடாது, வர்ற பணமும் கலெக்‌ஷனுக்குத்தான் போகணும், கரண்ட் பில் கட்டறதுக்கு இல்ல. இதுல எதுவுமே திருட்டும் இல்ல, லஞ்சமும் இல்ல பாருங்க. அதனாலதான் சட்டம் பத்தாம தனியா எழுதி வச்சிருக்காங்க.

திருட்டுன்னு வந்தா கூட கதை பூட்டு சாவியில ஆரம்பிக்கறதில்ல, பதிவேட்டுலதான் ஆரம்பிக்குது. 2023 ஆகஸ்ட்ல பிரிட்டிஷ் மியூசியம் சுமார் 2000 பொருள் காணாம போயிருக்கு இல்ல சேதமாயிருக்குன்னு ஒத்துக்கிச்சே, ஞாபகம் இருக்கா? பெரிய சிலை எதுவும் இல்ல, சின்னச் சின்ன ரத்தினக் கல்லு, நகை, கண்ணாடித் துண்டு. அதுல நெறைய பொருள் முழுசா பட்டியல்லயே ஏறாதது, பட்டியல்ல இல்லாத பொருள் காணாமப் போனா யாருக்குத் தெரியும்? இதுல எனக்கு ரொம்ப உறுத்தற விஷயம், டென்மார்க்ல ஒரு பழம்பொருள் வியாபாரி ஆன்லைன்ல விக்கறதப் பாத்துட்டு 2021லயே மியூசியத்துக்கு எழுதியிருக்காரு, எல்லாம் பத்திரமா இருக்குன்னு பதில் வந்திருக்கு. ரெண்டு வருஷம் கழிச்சு இயக்குநரே ராஜினாமா பண்ண வேண்டியதாப் போச்சு. வெளியாள் ஒருத்தர் புகார் சொன்னா அவன் யாரு நம்மள கேக்கறதுக்குன்னு தோணுது பாருங்க, அந்த நெனப்புதான் ஆபத்து. நெறிமுறை ஆவணத்துல புகார் யார்கிட்ட போகும், எத்தன நாள்ல பதில் வரும், புகார் வந்த செக்‌ஷன்ல இல்லாத ஒருத்தர்தான் விசாரிக்கணும், இதெல்லாம் எழுதியிருக்கான்னு பாருங்க. இல்லன்னா மீதி எல்லாம் அலங்காரம்தான்.

வாங்கற விஷயத்துல ஒரே கேள்விதான், இது எங்கேந்து வந்துச்சு. கேக்க சுலபம், ஆனா அழகான பொருளா இருந்தா கேக்க மனசு வராது. 1970ல யுனெஸ்கோ கள்ளக் கடத்தலுக்கு எதிரா ஒப்பந்தம் கொண்டு வந்த பிறகு, விக்கறவங்க எல்லாரும் இது அதுக்கு முன்னாடியே நாட்ட விட்டு வெளிய வந்துடுச்சுன்னு காகிதம் நீட்ட ஆரம்பிச்சாங்க. தமிழ்நாட்டு ஸ்ரீபுரந்தான் கோயில்லேந்து திருடு போன நடராஜர் சிலை நமக்கெல்லாம் தெரிஞ்ச கதை. நியூயார்க் பழம்பொருள் வியாபாரி சுபாஷ் கபூர்கிட்டேந்து 2008ல ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் டாலர் குடுத்து வாங்குனாங்க, காகிதம் எல்லாம் இருந்துச்சு, எல்லாம் போலி. சிலை கோயில்ல இருந்தப்ப எடுத்த பழைய போட்டோ புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துல இருந்துச்சு, 2014ல சிலை திரும்பி வந்துச்சு. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியமும் 2017ல ஒரு தங்க முலாம் பூசின எகிப்து சவப்பெட்டிய சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கி, அதுக்குன்னே கண்காட்சி வச்சு, 2019ல திருப்பிக் குடுத்தாங்க. 1971ல எகிப்து குடுத்த ஏற்றுமதி அனுமதின்னு காட்டின காகிதம் போலி, பெட்டி திருடு போனதே 2011லதான். ரெண்டு இடத்துலயும் காகிதம் இருந்துச்சு, ஆனா காகிதத்த விக்கறவரே குடுத்தாரு. அனுமதி குடுத்ததா சொல்ற ஆபீஸுக்கே நேரா எழுதி, இந்த நம்பர்ல இப்படி ஒண்ணு குடுத்தீங்களான்னு கேக்கணும், பதில் வர மாசக்கணக்காகும், அதுக்குள்ள வேற யாராவது வாங்கிடுவாங்கன்னு விக்கறவர் அவசரப்படுத்துவாரு. அவசரப்படுத்தினாலே சந்தேகப்படணும்னு எங்க செக்‌ஷன்ல சொல்வாங்க.

இப்ப பார்ட்னர்கள். இதுலதான் எல்லாரும் வழுக்கி விழறாங்க, ஏன்னா இவங்க நமக்கு குடுக்கறவங்க, குடுக்கறவங்கள எப்படி கேள்வி கேக்கறது? ஸாக்லர் குடும்பத்தோட பேர் உலகத்துல எத்தனையோ மியூசியத்துச் சுவத்துல இருந்துச்சு, அவங்க கம்பெனி பர்டியூ ஃபார்மாவோட ஆக்ஸிகான்டின் வலி மாத்திரையால ஜனங்க அடிமையாகிச் செத்த விவகாரம் வெடிச்ச பிறகு, 2018 மார்ச்ல நேன் கோல்டின்ங்கற போட்டோ கலைஞர் ஆளுங்களோட மெட்ரோபாலிட்டன் மியூசியத்துக்குள்ளயே போய் அங்க இருக்கற தண்ணியில மாத்திரை டப்பாக்களை வீசி போராட்டம் பண்ணாங்க. அடுத்த வருஷம் லண்டன் தேசிய உருவப்படக் கலைக்கூடத்துக்கு வர இருந்த 10 லட்சம் பவுண்டு நின்னுபோச்சு, லூவர் பேரை எடுத்துச்சு, 2021 டிசம்பர்ல மெட்ரோபாலிட்டனும் எடுத்துச்சு. சுவத்துல பேரை செதுக்கறது ஒரு நாள் வேலை, எடுக்கறதுக்கு வக்கீல் வேணும். அதனால ஒப்பந்தத்துலயே பேர் எத்தன வருஷத்துக்கு, எந்தச் சூழ்நிலையில எடுக்கலாம், கண்காட்சியில என்ன வைக்கணும்னு சொல்ற உரிமை ஸ்பான்சருக்கு கிடையாது, இந்த மூணும் எழுதியிருக்கணும்.

கண்காட்சிக்கு பொருளை கடனா குடுக்கறவங்க இன்னும் நுணுக்கமான கேஸ். தனியார் சேகரிப்புலேந்து ஒரு ஓவியத்தை கொண்டு வந்து மாட்டினா போதும், மியூசியத்துல இருந்ததுன்னு சொல்லியே அதோட விலை ஏறிடும். 1999ல புரூக்ளின் மியூசியம் லண்டன் கலைச் சேகரிப்பாளர் சார்ல்ஸ் சாட்சியோட சேகரிப்ப வச்சு ‘சென்சேஷன்’னு ஒரு கண்காட்சி நடத்துச்சு, ஏல கம்பெனி கிறிஸ்டீஸ் ஒரு ஸ்பான்சர், ஓவியங்களோட சொந்தக்காரரே ரகசியமா பணம் போட்டிருந்ததும் வெளிய வந்துச்சு. அதுல இருந்த ஒரு படத்துக்காக நியூயார்க் மேயர் கொதிச்சதுதான் பேப்பர்ல பெருசா வந்துச்சு, எனக்கு அதவிட இந்தப் பண விஷயம்தான் பெருசு. அடுத்த வருஷமே அமெரிக்க மியூசியங்களோட சங்கம் கடன் வாங்கின பொருளை காட்சிக்கு வைக்கறதுக்குன்னு தனி வழிகாட்டி போட்டுச்சு, பண சம்பந்தம் எதுவா இருந்தாலும் பொதுவுல சொல்லிடுன்னு.

சரி, என் சொந்த அசிங்கத்தையும் சொல்லிடறேன். எங்க இடத்துல வருஷத்துக்கு ஒரு ஃபார்ம் வரும், உங்களுக்கோ குடும்பத்துக்கோ நிறுவனத்தோட எதாவது தொழில் தொடர்பு இருக்கான்னு. எல்லாரும் இல்லைன்னு போடுவோம், சில வருஷம் பியூன் அண்ணனே மொத்தக் கட்டுக்கும் ஒரே பேனாவுல இல்லைன்னு எழுதி கையெழுத்து மட்டும் வாங்கிட்டுப் போவாரு. ஒரு தடவ கேட்டலாக் அச்சடிக்க கொட்டேஷன் வந்துச்சு, அதுல ஒண்ணு என் மச்சானோட பிரஸ். நான் கமிட்டியில உக்காந்திருந்தேன். அவன் ரேட்தான் கம்மி, வேலையும் சுத்தமா பண்ணுவான், நான் ஒரு வார்த்தை பேசல, பேசாம இருந்ததையே நேர்மைன்னு நெனச்சுட்டேன். அக்கவுன்ட்ஸ்ல இருந்த மேடம் ஃபைலை மூடிட்டு மெதுவா கேட்டாங்க, சார், இவர் உங்க வீட்டு ஆளாமே, ஃபார்ம்ல இல்லைன்னு போட்டிருக்கீங்களே? ஆர்டர் கேன்சல் ஆகி மறுபடி கொட்டேஷன் வாங்குனாங்க, கேட்டலாக் கண்காட்சி முடியற வாரம்தான் வந்துச்சு. மச்சான் ஒரு வருஷம் என்கூட சரியா பேசல, ரேட் கம்மியா குடுத்தவனுக்கு இது அநியாயம்தானேன்னு அவன் கேட்டதுக்கு என்கிட்ட பதில் இல்ல. முதல்லயே சொல்லிட்டு நான் எழுந்து வெளிய போயிருந்தா ஆர்டர் நேர்மையா அவனுக்கே கிடைச்சிருக்கும்.

சின்ன விஷயங்களும் இருக்கு, சேமிப்பு அறைக்குள்ள ரெண்டு பேரா மட்டும்தான் போகணும், உள்ள எடுத்த செல்ஃபிய போடக்கூடாது, ஷோகேஸ் கம்பெனிக்காரர் டிக்கெட் போட்டு ஃபேக்டரி காட்டறேன்னு கூப்பிட்டா ஆபீஸ் செலவுலதான் போகணும், இதெல்லாம் சொன்னாலே புரியும்.

கேட்டவர் அப்படி ஒரு இடத்துல சேரப் போறாருன்னு நெனைக்கறேன். அந்த ஃபார்ம் கைக்கு வர்றப்ப இல்லைன்னு டிக் அடிக்கறதுக்கு முன்னாடி வீட்டுல ஒரு தடவ கேட்டுக்கங்க, மச்சான் புதுசா என்ன பிசினஸ் ஆரம்பிச்சிருக்கான்னு.