மேல்வீட்டு ஒழுக்கும் எங்கள் வீட்டு நாயும்

கேள்வி: பெருமாள்புரத்தில் அப்பார்ட்மெண்ட் வீடு. நாய் வளர்க்கக் கூடாது என்று அசோசியேஷன் புது விதி போட்டிருக்கிறது. போதாததற்கு மேல்வீட்டு பாத்ரூம் ஒழுகி எங்கள் அடுக்களை மச்சு பொரிந்து, ஊறப் போட்ட உளுந்துக்குள் சுண்ணாம்பு விழுகிறது. யார் செலவு? இன்சூரன்ஸ் கைகொடுக்குமா?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: நாய் விஷயம் சுலபம். விலங்குகள் நல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, எல்லாரும் கைதூக்கித் தீர்மானம் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடை செய்ய முடியாது, லிஃப்ட்டில் ஏற்றாதே என்றும் சொல்ல முடியாது. அதற்காக மாடிப்படியில் அது போய் வைப்பதை அப்படியே விட்டுவிட்டு வராதீர்கள், பாதிச் சண்டை அங்கேதான் தொடங்குகிறது.

ஒழுக்குதான் சிக்கல். பொதுவாக, மேல்வீட்டுக்குள்ளேயே ஓடும் குழாயோ டைல்ஸ் இடுக்கோ என்றால் அவர்கள் செலவு; எல்லா மாடிக்கும் இறங்கும் பொதுக்குழாய் என்றால் அசோசியேஷன் செலவு. பிளம்பரைக் கூப்பிட்டு, மேலே பாத்ரூம் தரையில் ஒருநாள் தண்ணீர் கட்டி நிறுத்திப் பாருங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். அதற்கு முன்னால் அசோசியேஷனின் விதிப்புத்தகமான பைலாவையும் ஒருதடவை புரட்டிவிடுங்கள்.

இன்சூரன்ஸா? 2021 ஏப்ரலில் வந்த பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் தீ, வெள்ளம், குழாய் வெடிப்பு எல்லாம் உண்டு. ஆனால் மாதக்கணக்காகச் சொட்டும் கசிவைத் தேய்மானம் என்று சொல்லிக் கைவிரிப்பார்கள். உங்கள் பாலிசி உங்கள் வீட்டுக்கும் சாமானுக்கும்தான். லிஃப்ட், தண்ணி மோட்டாருக்கு அசோசியேஷன் தனியாக எடுக்க வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதையும் கூட்டத்தில் கேளுங்கள்.